பெயர் சொல்லாமல் போன அக்காவுக்கு

என் புதிய காதல் நாவல் இன்று வெளியாகிவிட்டது. முதல் பிரதி கைக்கு வந்ததும் 14ஆம் அத்தியாயத்தைத்தான் புரட்டினேன். அது உங்களுடையது அக்கா.

பிசியோதெரபி பிரிவு வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தபடி கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து கிளம்பிய நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்த கதாநாயகி, மாவுக்கட்டுப் பிரித்த அன்றே அவன் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள் என்றேன்.

"முடியாதும்மா" என்றீர்கள். 6 வாரம் அசையாமல் இருந்த கை விறைத்திருக்கும், தசை மெலிந்திருக்கும், தோல் செதில் செதிலாக உரியும், விரல்களை முழுசாக மடக்கவே நாளாகும். சொல்லிக்கொண்டே உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக மடக்கிக் காட்டினீர்கள்.

அன்று இரவே அந்தக் காட்சியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது அவள் கை வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கிறது. அவன் அவசரப்படுத்தாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறான். சுண்டுவிரல் மடங்க ஒரு பக்கம் ஆகிறது. நான் எழுதியதிலேயே நெருக்கமான காதல் காட்சி அதுதான், சந்தேகமே இல்லை.

உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது. நன்றிப் பக்கத்தில் "விரல் மடக்கிக் காட்டிய அக்காவுக்கு" என்று போட்டிருக்கிறேன். உங்களுக்கான பிரதி என் மேசையில் காத்திருக்கிறது.