வரலாறு கண்ட மழைதான் அது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பருவமழையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் 2015 டிசம்பரை 'வரலாறு காணாத மழை' என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் 2023 டிசம்பருக்கும் அதே வார்த்தையைப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

நான் 1994-லிருந்து சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். இந்த மழையை வரலாறு நன்றாகவே கண்டிருக்கிறது, சார். 1943-ல் கூவமும் அடையாறும் பெருகி வந்ததை என் மாமியார் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1976 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்தது, இது நீங்கள் அறியாததில்லை. 1996-ல் ஆனி பிறக்கும் நேரத்தில், யாருமே மழையை எதிர்பார்க்காத ஜூன் மாதத்தில், கொட்டித் தீர்த்தது. 2005 அக்டோபர் 27 அன்று 27 செ.மீ. அப்புறம் 2015, 2021, 2023. 2015 நவம்பர் மாதம் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டியது என்று வியந்தோமே, 1918 நவம்பரில் அதைவிடக் கூடுதலாகவே பெய்திருக்கிறது. இத்தனையும் உங்கள் அலுவலகப் பழைய பேப்பர் கட்டுகளிலேயே இருக்கும்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். வரலாறு காணாதது என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம் என்றாகிவிடுகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் கூடத்துச் சுவரில் 2015-ன் தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது. ஸ்விட்ச் போர்டுக்கு இரண்டு விரல் கீழே. இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாகிவிட்டது, புட்டி வைத்துத் தேய்த்தும் பார்த்தாகிவிட்டது, ஐப்பசி ஈரம் தட்டினால் போதும், அந்த உயரத்தில் சுவர் பொருமிக்கொண்டு வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், துடைத்தால் கையோடு மாவு மாதிரி வரும். அன்றைக்கு ராத்திரி ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்து வந்து சமையலறை வாசலில் அடைத்துக்கொண்டது. இருட்டில் அது சுவரில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2023-ல் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது, ஆனால் நான்கு நாள் கரண்ட் இல்லாமல், வடியாமல் நின்றது.

கட்டுரையின் கடைசியில் 'தாழ்வான பகுதி என்று தெரிந்தே வீடு வாங்கியவர்கள்' என்று ஒரு வரி வருகிறது. தெரிந்து வாங்கவில்லை. மனையைக் காட்டியவர் 'ஏரிப் பக்கம்மா, நல்லா காத்து வரும்' என்றார். அங்கீகாரம் பெற்ற மனை என்று முத்திரை குத்திய தாளைக் காட்டினார். முத்திரை குத்தியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை, சிட் பணத்தையும் தாலிச் சங்கிலியையும் போட்டு வாங்கிய எங்களுக்குத் தெரியும் என்று நீங்கள் எப்படி எழுதலாம்? பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு, அதாவது எங்கள் பக்கத்துச் சதுப்பு நிலத்துக்கு, வழிவழியாகத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வீராங்கல் ஓடை எங்கே ஓடியது என்பதெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு நாங்களாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. தெற்கே இருக்கிற ஏரிகளெல்லாம் நிரம்பி அந்தச் சதுப்புக்குத்தான் வருகின்றன, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். 2023-ல் வந்த மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் கரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கடலைப் பொங்க வைத்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. நடுவில் சதுப்பின் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டிடமாகவும் ஆகிவிட்டது. 2022-ல் அதை ராம்சார் என்கிற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்த்ததற்கு நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் மிச்சம் இருப்பதைத்தானே சேர்க்க முடிந்தது.

ரோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாங்கள் குடிவந்தபோது தெருவிலிருந்து வீட்டுக்கு மூன்று படி ஏறுவோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். மழைநீர் வடிகால் கட்டினார்கள், சரி, அதன் வாய் எங்கள் வாசலைவிட உயரத்தில் இருக்கிறது. மழை பெய்கிற அன்று டிவியைப் போட்டால் நுங்கம்பாக்கத்தில் இத்தனை, மீனம்பாக்கத்தில் இத்தனை என்று வானிலை நிலையம் இருக்கிற இரண்டு இடத்துக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறார்கள். 2015-ல் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததே, எங்கள் பக்கம் தண்ணீரைக் கொண்டுவருவது அந்தத் தெற்குப் பக்கத்து மழைதான், நுங்கம்பாக்கத்துக் கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன சாமானை மேலே ஏற்றுவது?

2024 அக்டோபரில் மழைக்குப் பயந்து எங்கள் பகுதிக்காரர்கள் வேளச்சேரிப் பாலத்தின் மேல் கார்களை நிறுத்தியதைப் படம் போட்டு, போக்குவரத்துக்கு இடையூறு என்று அடியில் எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு வண்டி எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியுடையது. கால் டாக்சி ஓட்டுகிறார். முந்தின வண்டி 2023-ல் முழுகி இன்ஜின் போய்விட்டது, அதற்கான தவணையே அப்போது முடிந்திருக்கவில்லை. பாலத்தைவிட்டால் அவர் வேறெங்கே கொண்டுபோய் நிறுத்துவார், சொல்லுங்கள்.

இதில் 2015 வரைக்குமான விஷயங்களை 2016-லேயே ஒரு கடிதமாக எழுதி உங்களுக்கு அனுப்பினேன். வெளியாகவில்லை. போடுவதும் போடாததும் உங்கள் உரிமை, அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் பேப்பரை நிறுத்தவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். எந்த வருடம், எந்தத் தேதி, எத்தனை செ.மீ., எந்தெந்தப் பகுதியில் எத்தனை அடி தண்ணீர், அது வடிய எத்தனை நாள் ஆனது, இவ்வளவு போதும். எங்கள் தெருக் கணக்கு வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள், சுவரைக் காட்டுகிறேன், டேப் வைத்து அளந்துகொள்ளட்டும். அடுத்த மழைக்கு அந்த வார்த்தையைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
வேளச்சேரி, சென்னை