கதிருக்கு: ஒரு குறுஞ்செய்திக்கு மூன்று கட்டணம் ஏன்?

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

கதிர் கண்ணு,

உங்கள் மென்பொருளிலிருந்து நோயாளிகளுக்குத் தமிழில் போகிற சந்திப்பு நினைவூட்டல் குறுஞ்செய்திக்கு மட்டும் மூன்று மடங்கு கட்டணம் வருகிறது, அனுப்பித் தருகிறவர்கள் ஏமாற்றுகிறார்களா என்று மெல்போர்னிலிருந்து போனில் கேட்டாய். ஏமாற்றவில்லை. பேச்சில் சொன்னால் எண்கள் காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன். கூடவே மனசில் கிடக்கிற மற்ற சில அபிப்பிராயங்களும் வரும், பொறுத்துக்கொள்.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். எழுத்துக்கு 7 பிட் என்று கணக்கிட்டால் 160 எழுத்து பிடிக்கும். அந்த 7 பிட் பட்டியலில் இருப்பவை ஆங்கில எழுத்துகள், எண்கள், சில ஐரோப்பிய எழுத்துகள், கிரேக்கத்தில் கொஞ்சம். அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத ஒரே ஒரு எழுத்து வந்தாலும் செய்தி முழுவதும் மற்ற மொழி எழுத்துகளுக்கான யூசிஎஸ்-2 முறைக்குத் தாவிவிடும். அதில் எழுத்துக்கு 16 பிட், எனவே 70. அதையும் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டவைக்கும் தகவலுக்கு ஒவ்வொன்றிலும் 6 பைட் போக, ஆங்கிலத்தில் துண்டுக்கு 153, தமிழில் 67 மிஞ்சும்.

இந்த 67-ஐ பள்ளிக்கூடத்தில் எண்ணின மாதிரி எண்ணாதே. 'சந்திப்பு' நமக்கு ஐந்தெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடுக்கு ஒன்பது குறியெண்: ச, ந, புள்ளி, த, இகரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி. 'வணக்கம்' ஏழு. ஆங்கிலத்தில் 150 எழுத்துச் செய்தி ஒரே துண்டு. தமிழில் 150 குறியெண் என்றால் மூன்று துண்டு, மூன்று கட்டணம். 134-க்குள் அடக்கினால் இரண்டாகும். 'தங்கள் வருகைக்கு மிக்க நன்றி' போன்ற உபசாரத்தை எடுத்துவிட்டு, நாள், நேரம், இடம், ரத்துசெய்ய எண் என்று மட்டும் வைத்துப் பார். அப்படியும் இரண்டாகத்தான் வரும், ஒன்றாக்க மெனக்கெடாதே. வயதானவர்களுக்குப் புரியாத சுருக்கெழுத்தில் அனுப்பி மிச்சம் பிடிக்கிற காசு நமக்கு வேண்டாம்.

உங்கள் ஆங்கிலச் செய்திகளையும் சோதித்துவிடு. வேர்டில் அடித்து ஒட்டினால் நேரான மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறும். வளைந்தது 7 பிட் பட்டியலில் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு குறிக்காக 160 போய் 70 ஆகும். 2010-இல் வந்த நம் ரூபாய்ச் சின்னமும் அப்படித்தான். அனுப்புவதற்கு முன் வளைந்த குறி, நீள கோடு, உடையாத இடைவெளி மூன்றையும் சாதாரணக் குறிகளாக மாற்றும் ஒரு சின்ன வடிகட்டி எழுதிவிடு.

வெட்டுகிற இடத்திலும் கவனம். 67-ஆவது குறியெண்ணில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் மெய் ஒரு பக்கமும் உயிர்க்குறி இன்னொரு பக்கமும் போய், திரையில் புள்ளிவட்டம் வந்து உட்காரும். செல்போன் துண்டுகளைச் சரியாக ஒட்டிவிடும். ஆனால் பட்டியலில் பெயரைச் சுருக்கிக் காட்டுவது போன்ற உங்கள் சொந்த வெட்டுகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்பதற்குப் பதிலாக, எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) பயன்படுத்து. அதுவும் 'க்ஷ'வை இரண்டாகத்தான் பிரிக்கும், அதுவரை சகித்துக்கொள்ளலாம்.

பெயர் தேடலில் ஒரு குழி இருக்கிறது. 'கொ' என்பதை க உடன் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கொடி' என்ற பெயரில் பதிவான நோயாளியை வரவேற்பு மேசையில் தேடினால் 'இல்லை' என்று வரும், மறுபடி பதிவுசெய்வார்கள், ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு. உள்ளே வரும் ஒவ்வொரு எழுத்துச் சரத்தையும் வாசலிலேயே என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்குமுறைக்கு மாற்றிவிட்டால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் 'கௌ'வை கொம்பும் ளகரமுமாக 'கெள' என்று அடித்திருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. யூனிகோடின் பார்வையில் அது உண்மையிலேயே வேறு சொல். தேடலுக்கென்று அட்டவணையில் ஒரு தனிப் பத்தி (நெடுவரிசை) வைத்து, அதில் மட்டும் இவற்றை ஒன்றாக்கு. அசல் பெயரைத் தொடாதே. அவர் எழுதியபடியே அது இருக்கட்டும்.

தரவுத்தளத்தையும் பார். ஆரக்கிளில் எழுத்துகளை வைக்கும் வார்ச்சார்2 வகையின் அளவு இயல்பாக பைட்டில்தான் எண்ணப்படும். 50 என்று போட்டிருந்தால், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 3 பைட் வீதம் 16தான் பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் குறியெண்ணாக எண்ணும், அங்கே இந்தத் தொல்லை இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்தது 3 பைட்டோடு நின்றுவிடும் அரைகுறை. தமிழ் அதில் அடங்கிவிடுவதால் நம்மாட்கள் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்கள். யாராவது 4 பைட் கேட்கும் ஒரு சிரிப்புமுகம் போட்டதும் சேமிப்பு தடுக்கும். பெயரின் பின்னால் 'எம்பி4' இருக்கிறதா பார். நம் மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்தன. அவையும் 4 பைட்தான்.

பின்னம் என்றதும் காசு. உங்கள் பில் பகுதியில் தொகையைப் புள்ளி வைத்த எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாக வைத்திருப்பதாகச் சொன்னாய். வயிற்றில் புளியைக் கரைத்தது. 0.1-ஐ இருமத்தில், அதாவது கணினியின் 0, 1 மட்டுமுள்ள எண்முறையில், முடிவாக எழுத முடியாது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று 0.333... என்று ஓடிக்கொண்டே இருப்பது போல. அதனால்தான் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. வேடிக்கை என்னவென்றால் தாத்தா காலத்து அணா கணினிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ரூபாய்க்கு 16 அணா, பதினாறில் ஒன்று இருமத்தில் நான்கே இலக்கம். கால், அரைக்கால், மாகாணி எல்லாம் பிசகில்லாமல் அடங்கும். 1957 ஏப்ரல் 1-இல் பைசாவை நூறாக்கினதும் நமக்குக் கணக்கு எளிதாயிற்று, கணினிக்குக் கடினமாயிற்று.

சிறு பிசகுதானே என்று விடாதே. 1991 பிப்ரவரி 25-இல் சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு நொடியாக எண்ணி, அந்த 0.1-ஐ 24 பிட்டில் நறுக்கி வைத்திருந்தார்கள். இயந்திரம் நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியதில் 0.34 நொடி சேர்ந்துபோனது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இறந்தவர்கள் 28 பேர்.

தொகையைச் சென்டாக, முழு எண்ணாக வை. காட்டும்போது மட்டும் நூறால் வகு. எங்கே முழுமையாக்குவது என்பதை ஒரே இடத்தில் முடிவுசெய். உங்கள் ஆஸ்திரேலியாவில் விலைக்குள்ளேயே 10 சதவீத ஜிஎஸ்டி இருப்பதால் வரி என்பது விலையில் பதினொன்றில் ஒரு பங்கு. 5 டாலர் பொருள் மூன்று: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்த்தால் 45 சென்ட், மொத்தம் 1.35. மொத்தம் 15 டாலருக்குப் பார்த்தால் 1.36. உங்கள் வரித்துறை இரண்டு முறையையும் ஒப்புக்கொள்கிறது. திரையில் ஒரு முறை, அச்சில் இன்னொரு முறை என்று இருந்தால்தான் கணக்காளர் உன்னைத் தேடி வருவார். ரொக்கம் கொடுத்தால் மட்டும் மொத்தத்தை 5 சென்டுக்கு முழுமையாக்க வேண்டும், ஏனென்றால் 1, 2 சென்ட் நாணயம் அங்கே புழக்கத்தில் இல்லை. அட்டையில் கட்டினால் அப்படிச் செய்யக்கூடாது. பாதியில் நிற்கும்போது மொழிகள் வேறுவேறாக நடக்கும்: பைத்தானில் 2.5-ஐ முழுமையாக்கினால் 2, ஜாவாவில் 3. முன்பக்கம் ஒரு மொழி, பின்பக்கம் ஒரு மொழி என்று இருக்கும் உங்கள் இடத்தில் இதற்கென்றே ஒரு சோதனை எழுதிவை.

நேரம். உங்கள் நினைவூட்டல் வேலை இரவு 2:30-க்கு ஓடுகிறது என்றாய். மெல்போர்னில் அக்டோபர் முதல் ஞாயிறு 2 மணி நேரே 3 ஆகிவிடும். அன்றைக்கு 2:30 என்று ஒன்று கிடையாது. ஏப்ரல் முதல் ஞாயிறு 3 மணி மறுபடி 2 ஆகும். அன்றைக்கு 2:30 இரண்டு தடவை வரும். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டிவிடும் கிரானின் வகையைப் பொறுத்து வேலை விட்டுப்போகும், அல்லது இரட்டிக்கும். 4:30-க்கு மாற்று, தீர்ந்தது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் கடிகாரத்தை அரை மணிதான் நகர்த்துகிறார்கள். 'கோடைநேரம் என்றால் 60 நிமிடம்' என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடு.

நடந்து முடிந்ததை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமி. நடக்கப்போகும் சந்திப்பை உள்ளூர் நேரமும் மண்டலத்தின் பெயருமாகச் சேமி. அரசாங்கம் விதியை மாற்றினால் யூடிசியில் இருக்கும் பழைய கணக்கு பிசகும், 'காலை 10 மணி' பிசகாது. இலங்கையைப் பார்: 1996-இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க யூடிசிக்கு ஐந்தரை மணி முன்னாலிருந்து ஆறரைக்குப் போனார்கள், அதே ஆண்டு ஆறுக்கு வந்தார்கள், 2006-இல் மறுபடி ஐந்தரை. விதிகள் டிஇசட்டேட்டா என்ற தொகுப்பில் வரும். இயங்குதளத்தில் புதுப்பித்தால் போதாது. ஜாவா தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கிறது.

தேதியை நொடிக் கணக்காக 32 பிட்டில் வைத்திருக்கும் பத்தி இருந்தால் இப்போதே மாற்று. 2038 ஜனவரி 19 அன்று உங்கள் கடிகாரத்தில் பிற்பகல் 2:14:07-க்கு அது நிரம்பி, அடுத்த நொடி 1901 டிசம்பருக்குக் குதிக்கும். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகையும் அங்கேதான் நிற்கிறது. பணிக்கொடை, நீண்டகாலத் தவணை என்று முன்னோக்கிக் கணக்கிடும் மென்பொருளுக்கு 2038 ஏற்கெனவே வந்துவிட்டது.

வேலை பாதியில் செத்து மறுபடி ஓடினால் ஒரே ஆளுக்கு இரண்டு செய்தி போகுமே என்றாயே, அதற்குச் சந்திப்பு எண், செய்தி வகை, நாள் மூன்றும் சேர்ந்து ஒரே தடவைதான் வரலாம் என்று அட்டவணையில் கட்டுப்பாடு போடு. இனி ஒரு கேள்வி மிஞ்சும்: முதலில் பதிவா, முதலில் அனுப்புதலா? பதிந்துவிட்டு அனுப்புமுன் செத்தால் செய்தி போகாது. அனுப்பிவிட்டுப் பதியுமுன் செத்தால் இரண்டாவது போகும். நினைவூட்டலில் இரண்டு போனால் எரிச்சல்தான், போகாவிட்டால் ஒருவர் சிகிச்சையைத் தவறவிடுவார். ஆகவே அனுப்பிவிட்டுப் பதி. அட்டையிலிருந்து பணம் எடுப்பதில் நேர்மாறு.

சென்னைக் குழுவுக்கு மட்டும் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்பதற்கு யாரையும் திட்டாதே. மெல்போர்னிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் பார்த்தாலே சுமார் 8,800 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போய்வர 88 மில்லிநொடி; கடலடிக் கம்பி வளைந்து போவதால் உண்மையில் இன்னும் கூடும். ஒன்றன்பின் ஒன்றாக 20 தடவை தரவுத்தளத்தைக் கேட்டால் ஒன்றே முக்கால் நொடி அங்கேயே போச்சு. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் ஒளி வேகமாகாது. இருபது கேள்வியை இரண்டாக்குங்கள்.

காப்புப் பிரதி இருக்கிறது என்று யார் சொன்னாலும் 'கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்' என்று கேள். 2017 ஜனவரி 31-இல், நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் தன் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தபோது, வழக்கமான பிரதி ஒன்றுகூட இல்லை. பிரதி எடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகலால் பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

செயற்கை நுண்ணறிவு எழுதும் நிரலைப் பற்றியும் கேட்டாய். தாராளமாக வாங்கிக்கொள், தட்டச்சு மிச்சம். ஆனால் அது பார்த்த நிரலில் பெரும்பகுதி ஆங்கிலப் பெயரையும் அமெரிக்கத் தேதியையும் வைத்து எழுதியது. சோதனைகளை நீயே எழுது: இரண்டு வகைக் 'கொ', 'கெள', 'க்ஷ', ஒரு சிரிப்புமுகம், அக்டோபர் முதல் ஞாயிறு, 2038, மூன்று 5 டாலர் பொருள். இதெல்லாம் தேறினால் யார் எழுதினார்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

அக்டோபரிலிருந்து நமக்குள் ஐந்தரை மணி வித்தியாசம். இங்கே மதியம் மூன்றரைக்கு நான் கூப்பிட்டால் உனக்கு எட்டு அல்ல, ஒன்பது. அதற்குள் சாப்பிட்டிருப்பாய்தானே? இல்லையென்றால் இரண்டரைக்கே கூப்பிடுகிறேன், அப்பா தூங்குகிற நேரம்தான், பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா