புரூஸை வறண்டவர் என்று சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் போலந்து இலக்கியம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இந்தப் பொருளைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய மகிழ்ச்சி. ஆனால் கட்டுரையாளர் நடுவில் போட்டிருக்கும் கோடு மனத்தை உறுத்துகிறது. ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 எழுச்சி தோற்ற பிறகு வந்த பாசிட்டிவிச எழுத்தாளர்கள் கனவைக் கைவிட்டுக் கல்வி, தொழில், சுகாதாரம் என்று பிரசாரம் செய்தார்களாம். 1890-களில் வந்த ‘இளம் போலந்து’ நவ கற்பனாவாதிகள்தாம் இலக்கியத்துக்கு உயிர் கொடுத்தார்களாம். முன்னவர்களை ‘வறண்ட எழுத்து’ என்ற இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். போலிஷ் மொழி எனக்குத் தெரியாது. ஆங்கிலம் வழியாகவே என்றாலும் பல ஆண்டுகளாக இவர்களை வாசித்துவருகிறேன். இதைப் பேசாமல் விட மனம் வரவில்லை.

அந்தப் பாசிட்டிவிஸ்டுகளில் ஒருவரான பொலெஸ்லாவ் புரூஸ் 1882-இல் ‘வெயிஸ்ட்கோட்’ (சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத கோட்டு) என்றொரு சிறுகதை எழுதினார். எதிர்வீட்டில் ஓர் இளம் தம்பதி. கணவன் சின்னச் சம்பளக் குமாஸ்தா. காசநோயில் நாளுக்கு நாள் இளைக்கிறான். அவனுடைய வெயிஸ்ட்கோட்டின் முதுகுப்பக்கம் பக்கிள் வைத்த வார் உண்டு. தான் இளைப்பது மனைவிக்குத் தெரியக் கூடாதென்று அவன் பக்கிளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இறுக்கிக்கொண்டே வருகிறான். ஒருநாள் அவனே அதிசயப்பட்டுச் சொல்கிறான்: இத்தனை நாள் உன்னை ஏமாற்றினேன், ஆனால் இன்று நிஜமாகவே வெயிஸ்ட்கோட் இறுக்கமாக இருக்கிறது, தேறிவருகிறேன் போலிருக்கிறது. மனைவியோ, அவன் அப்படி நம்ப வேண்டும் என்பதற்காகவே வாரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்கித் தைத்துவந்திருக்கிறாள். அவள் செய்தது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அவன் இறந்த பிறகு பழந்துணி வியாபாரியிடம் போன அந்த வெயிஸ்ட்கோட்டை வாங்கிவைத்திருக்கும் கதைசொல்லிதான், நகர்ந்த பக்கிளையும் குறுகிய வாரையும் பார்த்து இரண்டையும் புரிந்துகொள்கிறான். சில பக்கக் கதை. இதை வாசித்துவிட்டு ‘வறட்சி’ என்று எழுதக் கை வருமா?

இதை எழுதியவர் யார்? பதினாறு வயதில் எழுச்சிப் படையில் சண்டையிட்டுக் காயமடைந்து, பிறகு சிறைக்கும் போன பையன். இன்னொரு பாசிட்டிவிஸ்டான நாவலாசிரியை எலிசா ஒர்ஷெஷ்கோவா, எழுச்சியின் தலைவரான ரொமுவால்ட் டிராகுட்டுக்கு அடைக்கலம் கொடுத்து, தன் வண்டியிலேயே எல்லைவரை கொண்டுபோய் விட்டவர். டிராகுட்டை 1864 ஆகஸ்டில் வார்சாவில் தூக்கிலிட்டார்கள். தோழர்கள் தூக்கிலும் சைபீரியாவிலும் போனதைக் கண்ட தலைமுறை இது. கனவு என்ன விலை கேட்கும் என்பது இவர்களுக்கு நேரில் தெரியும். சமூகம் ஓர் உடல். விவசாயி, பெண், யூதர் என்று அதன் எந்த உறுப்பு நலிந்தாலும் உடல் எழாது. ஆகவே அடியிலிருந்து வேலை செய்வோம் என்று அவர்கள் சொன்னது அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

கட்டுரையாளர் தணிக்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வார்சாவில் ஜாரின் தணிக்கை இருந்தது; எழுச்சியைப் பெயர் சொல்லி எழுத முடியாது. ஒர்ஷெஷ்கோவாவின் ‘நியமென் நதிக்கரையில்’ (1888) நாவலில் காட்டுக்குள் ஒரு மண்மேடு வருகிறது. அதனடியில் நாற்பது பேர். பண்ணைவீட்டுப் பிள்ளையும் குடியானவர்போல் உழுது வாழும் ஏழைப் பிரபுக்குலத்தானும் ஒரே குழியில் கிடக்கிறார்கள். எப்படி இறந்தார்கள் என்று நாவல் வெளிப்படையாகச் சொல்லாது. சொல்லாமலே வாசகர்களுக்குப் புரிந்தது.

புரூஸின் ‘பொம்மை’யிலும் அப்படித்தான். 1887 முதல் 1889 வரை நாளிதழில் தொடராக வந்த நாவல். நாயகன் வோகுல்ஸ்கியின் கடந்த காலத்தைக் கடைக் கிழவர் ஷெட்ஸ்கி தன் குறிப்பேட்டில் எழுதும்போது, அவன் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பியர் காய்ச்சினான், அதை இன்றுவரை நாம் குடித்துக்கொண்டிருக்கிறோம், அவன் சைபீரியாவின் இர்குட்ஸ்க் பக்கம் எங்கோ போய்ச் சேர்ந்தான் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறார். எழுச்சி, தோல்வி, நாடுகடத்தல் மூன்றும் அந்தப் பியரில் அடக்கம். அதே வோகுல்ஸ்கி வியாபாரி, அறிவியல் பித்தன், போர்க்காலச் சப்ளையில் பணம் சேர்த்தவன். பாசிட்டிவிசத்தின் வார்ப்பு என்றே சொல்லலாம். அவன் ஒரு பிரபுக்குலப் பெண்ணின் மேல் வைத்த காதலில் அழிகிறான். ஒரு கட்டத்தில் முந்தைய கற்பனாவாதக் கவிஞர் மித்ஸ்கியேவிச்சின் கவிதை நூலைத் தாள்கள் பிய்ந்து பறக்கும்படி மூலையில் வீசி, இரண்டு தலைமுறைகளுக்கு நஞ்சு வைத்துவிட்டீர்கள் என்று கவிஞர்களைப் பார்த்துக் குமுறுகிறான். கனவை உண்மையிலேயே கைவிட்டவனுக்கு அந்தக் கோபம் வராது.

கோட்டின் மறுபக்கமும் கட்டுரையாளர் காட்டியது போல இல்லை. கலைக்கு எந்த நோக்கமும் கிடையாது என்று ‘இளம் போலந்து’ எழுத்தாளர் பிஷிபிஷெவ்ஸ்கி 1899-இல் அறிவித்தது உண்மை. அவர் ஒருவரை வைத்து முழுத் தலைமுறையையும் அளக்க முடியுமா? அதே தலைமுறையைச் சேர்ந்த ஷெரோம்ஸ்கியின் ‘வீடற்ற மனிதர்கள்’ நாவல் 1900-இல் வெளியானது. அதன் நாயகன் டாக்டர் யூடிம், செருப்புத் தைப்பவரின் மகன். ஏழைகளின் குடிசைகள் அகலும்வரை தனக்கென்று ஒரு வீடு கூடாது என்று, தன்னை நேசிக்கும் பெண்ணையும் விட்டு விலகுகிறான். பாசிட்டிவிஸ்டுகள் சொன்ன வேலைதான், துறவியின் வேகத்தோடு. அதே தலைமுறையின் ரெய்மோன்ட் எழுதிய ‘விவசாயிகள்’ நாவல் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

விஸ்பியான்ஸ்கியின் ‘திருமணம்’ நாடகத்தைக் கட்டுரையாளர் பாராட்டியிருப்பதில் எனக்கும் முழு உடன்பாடு. 1900 நவம்பரில் ஒரு கவிஞர் கிராமத்துப் பெண்ணை மணந்தார், விருந்து கிராகோவ் அருகே பிரொனோவித்செயில் நடந்தது; நான்கே மாதத்தில் அந்தத் திருமணம் நாடகமாக மேடையேறியது. நாடகத்தில் எழுச்சிக்கு அழைக்கும் பொன் ஊதுகொம்பை ஓர் இளைஞனிடம் நம்பி ஒப்படைக்கிறார்கள்; மயிலிறகுத் தொப்பியை எடுக்கக் குனிந்தபோது அவன் கொம்பைத் தொலைக்கிறான். மிஞ்சுவது கொம்பு கட்டியிருந்த கயிறு மட்டும். வைக்கோல் பொம்மை வாசிக்க, எல்லோரும் தூக்கத்தில் நடப்பவர்கள்போலச் சுழல்கிறார்கள். ஆனால் இது கிராகோவ். போலந்தைப் பங்குபோட்டுக்கொண்ட நாடுகளில் ஒன்றான ஆஸ்திரியாவின் ஆட்சியில் தன்னாட்சி பெற்று, பள்ளியும் பல்கலைக்கழகமும் போலிஷில் நடந்த ஊர். ஒர்ஷெஷ்கோவா மண்மேட்டுக்குள் புதைத்துவைத்ததை விஸ்பியான்ஸ்கியால் அங்கே மேடையில் ஏற்ற முடிந்தது. ஒருவர் தாழ்ந்த குரலில் பேசியதற்கும் மற்றவர் உரத்துப் பேசியதற்கும் உணர்ச்சியின் அளவை மட்டும் காரணமாக்குவது நியாயமில்லை.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. போலந்து நாவலாசிரியர் சியன்கியேவிச்சின் 1905 நோபல் பரிசு ‘க்வோ வாடிஸ்’ நாவலுக்கு என்று கட்டுரையில் இருக்கிறது. காவிய எழுத்தாளராக அவர் ஆற்றிய பணி முழுவதற்குமாகத்தான் அது வழங்கப்பட்டது. ஒரு நாவலின் பெயரைக் குறிப்பிட்டே கொடுத்தது 1924-இல் ரெய்மோன்ட்டுக்கு.

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த இதழ்களில் ஒன்றில் ‘வெயிஸ்ட்கோட்’ கதையைத் தமிழில் வெளியிடுங்கள். புரூஸ் மறைந்தது 1912-இல். உரிமைச் சிக்கல் எதுவும் இருக்காது. போலிஷிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகர்
கும்பகோணம்