அனுப்பிய பிடிஎஃப்பை அப்படியே அச்சிடுங்கள்

மதுரை ஆஃப்செட் அச்சக உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மாடியில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். திருத்தக்கூடிய மூல ஃபைலைக் கேட்டு ‘ஓப்பன் ஃபைல் அனுப்புங்க’ என்று நீங்களும் ‘பிடிஎஃப் இருக்கே’ என்று நானும் பேசிப் பேசி அலுத்துப்போனதும் தெரியும். போன மாதம் நடந்ததற்குப் பிறகு, இதைப் போனில் சொன்னால் போதாது என்று பட்டது.

ஒரு நினைவஞ்சலி அட்டை. காலமான அம்மாவின் படத்தோடு, அவர் கட்டிய சுங்குடிப் புடவை ஒன்றையும் மகன் கொண்டுவந்தார். கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியெடுத்த பழைய சுங்குடி. ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அந்தப் புள்ளிகளையே பார்த்துப் பார்த்து வரைந்து அட்டைக்கு ஓரம் கட்டினோம். எங்கள் வேலையில் இப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வாய்க்கும்.

எழுத்துகளைக் கர்வ் பண்ணி, அதாவது எந்தக் கணினியிலும் மாறாத வடிவங்களாக ஆக்கி, பிடிஎஃப் அனுப்பினேன். அச்சகத்தில் வழக்கம்போல ஓப்பன் ஃபைல் கேட்டார்கள். ஒரு ஷீட்டில் எட்டு அட்டை ஏற்ற வேண்டுமாம், நேரத்தைத் திருத்த வேண்டுமாம், பழைய வெர்ஷனில் சேவ் பண்ணித் தர வேண்டுமாம். கொடுத்தேன்.

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ‘வெ’ என்று அடித்தால் வகரம் முதலிலும் கொம்பு அதற்குப் பின்னும் பதிவாகும். கண்ணுக்குக் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அங்கிருந்த பழைய கோரல்டிரா டிசைன் மென்பொருளுக்கு அது தெரியாது. அந்த அம்மாவின் பெயர் ‘வெ’யில் தொடங்கும். 300 அட்டைகளிலும் கொம்பு வகரத்தைத் தாண்டிப் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. அச்சுப் பிளேட் போட்டாயிற்று, ஓட்டியாயிற்று.

மறுநாள் காலையில் பதினாறாம் நாள் காரியம். மகன் சத்தம் போடவில்லை. பெயரின் மேல் விரலை வைத்து, “எங்க அம்மா பேரு இப்படி இல்லீங்களே” என்று மட்டும் சொன்னார். ஸ்டிக்கர் தாளில் பெயரை மட்டும் லேசர் பிரிண்ட் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, 300 அட்டைகளிலும் ஒட்டி முடிக்கும்போது இரவு இரண்டு மணி. அவரும் எங்களோடு உட்கார்ந்து ஒட்டினார். தன் அம்மாவின் பெயரை அவரே ஒட்ட வேண்டியிருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். நாங்கள் கர்வ் பண்ணித் தரும் பிடிஎஃப்பை அப்படியே பிளேட்டுக்கு அனுப்புங்கள். திருத்தம் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், உடனே மாற்றித் தருகிறோம்.

நீங்கள் இன்னும் பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்றும் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வரும் செய்தியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றச் சொல்கிறீர்கள். உங்கள் பழைய ஃபைலை நாங்கள் யூனிகோடுக்குக் கொண்டுவந்தால் ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ என்று வருகிறது. பழைய எழுத்துருவில் ளகரமும் ஔகாரக் குறியும் ஒன்றேதான், மாற்றும் மென்பொருள் என்ன செய்யும்? இங்கிலீஷில் ஒரு ஸ்பெல்லிங் தப்பினால் பதறிப்போய் ஷீட்டையே தூக்கிப் போடுகிறோம். தமிழ் என்றால் ‘படிச்சுக்குவாங்க’ என்று விட்டுவிடுகிறோம். திருவிழா நோட்டீஸில், பள்ளி மலரில், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் எத்தனை பேருடைய பெயர்கள் இப்படி உடைந்து கிடக்கின்றன! இது எனக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பல வருடத்து பில் புக், காலண்டர் ஃபைல்கள் எல்லாம் பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. புது மென்பொருளுக்கும் பணம் வேண்டும். அவற்றை இன்றைக்கே மாற்றச் சொல்லவில்லை. பிடிஎஃப்பிலேயே எட்டு அட்டை ஏற்றுவது எப்படி என்று உங்கள் ஆபரேட்டர்களுக்குக் காட்ட, எந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறேன். காசு வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்புவேன். பிடிஎஃப்பாகத்தான் வரும். தயவுசெய்து அதை அப்படியே அச்சிடுங்கள்.

அன்புடன்,
மாடி ஸ்டுடியோக்காரன்