எதைப் பார்த்து எழுத?

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேத்தி தரம் இரண்டில் படிக்கிறாள். கொப்பியைத் திறந்தால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "பசு ஒரு வீட்டு மிருகம். பசுவுக்கு நான்கு கால்கள் உண்டு. பசு பால் தரும்." ஒரு பிழை கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறது. போன கிழமை, "நீயாக ஒரு வசனம் எழுது பார்ப்போம்" என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு கனநேரம் இருந்துவிட்டு, "எதைப் பார்த்து எழுத, அம்மம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

எங்கள் திருகோணமலையில் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, றோட்டுக்கும் வரும், வேலி திறந்திருந்தால் வளவுக்குள்ளும் வரும். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பிள்ளை ஓடி வந்து, "அம்மம்மா, ராத்திரி மான் வந்து எங்கட செவ்வரத்தம் பூவெல்லாம் திண்டிட்டுப் போயிட்டுது!" என்றாள், ஒரே மூச்சில். சரி, இதையே எழுது என்றேன். "மான் பூ திண்டது" என்று எழுதினாள். மூன்றே சொல், ஆனாலும் அது அவளுடைய வசனம். கொப்பியில் "தின்றது" என்று எழுத வேண்டும் என்று அதை மட்டும் திருத்தினேன். "பூவை" என்பதை அடுத்த நாளுக்கு விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தினால் பிள்ளை அடுத்த தடவை பென்சிலையே எடுக்காது.

அப்புறம் எப்போது, எத்தனை என்று கேட்கக் கேட்க வசனம் வளர்ந்தது. "இரவு மூன்று மான்கள் பூவைத் தின்றன." மான் தின்றது, மான்கள் தின்றன என்று இரண்டு தரம் வாயால் சொல்லிப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தானே வருகிறது, அதனால் "என்ன செய்தது?" என்பதற்குப் பதில் வந்ததும் முற்றுப்புள்ளி வை என்று சொன்னால் அந்த வயதுக்கு அது போதும்.

இன்னொன்றையும் நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் "அப்பா வந்தவர்" என்கிறோம், கொப்பியில் "அப்பா வந்தார்" என்று எழுதச் சொல்கிறோம். 247 எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இது இன்னொரு சுமை. முதலில் வாயில் வருகிறபடி எழுதட்டும், எழுத்துநடை மெல்ல மெல்ல வரும். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து இப்போதே ரியூசனுக்கு அனுப்பிப் பாடமாக்க வைக்கும் பெற்றோரைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பிள்ளையிடம் கதை கேளுங்கள், அதில் ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. சிறுவர் பக்கங்களில் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரை பிள்ளைகளின் பெயரில் வருவது வாசிக்கும்போதே தெரிகிறது. தரம் இரண்டு, மூன்று பிள்ளைகள் தாங்களே எழுதும் ஒற்றை வசனங்களுக்கு வாரம் ஒரு சிறிய மூலை ஒதுக்குங்கள். சின்னப் பிழைகள் இருந்தாலும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
உவர்மலை, திருகோணமலை.