சவரக்கத்தி தோற்றது எதனால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் சவரக் கருவிகளின் வரலாறு பற்றிய கட்டுரை படித்தேன். ஆபத்தில்லாதது என்பதால்தான் சேஃப்டி ரேஸர் மடக்குக் கத்தியை வென்றது என்ற அதன் முடிவு சரியாகப் படவில்லை. கத்திக்குக் காப்பு வைக்கும் யோசனை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் ழான்-ஜாக் பெரேக்குத் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் காம்ஃபே சகோதரர்கள் 1880இல் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆனாலும் அந்தத் தடித்த அலகைக் கழற்றித் தோல் வாரில் தீட்டியே ஆகவேண்டும். மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்திக் கூராக்கும் வழியை நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்டுபிடித்த பிறகுதான், மழுங்கினால் தூக்கிப் போடும் பிளேடு வந்தது. ஜில்லெட் 1904இல் பெற்ற காப்புரிமையின் உயிர் அதில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் வீரர்களுக்கு அதையே லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. போர்முனையில் கத்தி தீட்ட ஏது நேரம்?

எங்கள் ஊர் சலூன்களைப் பார்த்தாலே இது விளங்கும். கத்தியின் மடக்கு வடிவம் மாறவில்லை, திறந்த அலகும் அப்படியே. உள்ளே மட்டும் பாதியாக ஒடித்த பிளேடு. சவரத் தொழிலாளர் கைவிட்டது தீட்டும் வேலையை மட்டும்தான். அப்புறம் அந்தப் பாதி பிளேடுகள் குப்பையோடு போய்த் தூய்மைப் பணியாளர்களின் கையைக் கிழிக்கின்றன. நகராட்சிகள் சலூன்களுக்கு மூடிய தகரப் பெட்டி கொடுத்து அவற்றைத் தனியாகச் சேகரிக்க வேண்டும்.

– வாசகர், திண்டுக்கல்