பாப்பாவுக்கு, சம்பல் டப்பாவோடு

அன்புள்ள பாப்பா,

தம்பி வெள்ளி இரவு தேக்கோங் தீவில் தேசிய சேவைப் பயிற்சியிலிருந்து வந்தான். ஆள் கறுத்துவிட்டான், சாப்பாடு மட்டும் இரண்டு ஆளுக்கு இறங்குகிறது. அவன் கையில்தான் இந்தக் கடிதத்தையும் நெத்திலிச் சம்பலையும் கொடுத்தனுப்புகிறேன். உன் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னது அம்மா, நான் இல்லை.

வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாதா என்று கேட்பாய். ஏழு வாரமாக நான் என்ன எழுதினாலும் நீ கட்டைவிரல் ஒன்றைத்தான் அனுப்புகிறாய். என் தாத்தா காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் கட்டைவிரல் வைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளையும் அதையே வைத்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? சரி, கோபித்துக்கொண்டு எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நம் புளோக் மின்தூக்கி மறுபடியும் மூன்றாம் மாடியில் நின்றுவிடுகிறது. சிராங்கூன் மாமா விஷயம் பழைய மாதிரியேதான், நான் பேசவில்லை.

உன் பெயருக்கு ஓர் உறை வந்திருக்கிறது. உபகாரச் சம்பளம் கொடுக்கிறவர்கள் அனுப்பியது. வந்து ஒரு மாதம் இருக்கும். நான் பிரிக்கவில்லை, முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். மெல்லிய உறை. முதல் தடவை வந்தது எவ்வளவு தடியாக இருந்தது, நினைவிருக்கிறதா? அதை நீ பிரிக்கும்போது அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். குழம்பு அடிப்பிடித்துவிட்டது, அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்கு மட்டும் கொடுக்கிற பணம் இல்லை, தொண்டூழியத்துக்கும் அதில் தலைமை எடுத்துச் செய்ததற்கும் சேர்த்துக் கொடுப்பது என்று நீ விளக்கினாய். ஊருக்கு உழைப்பதற்கு ஒருவர் நம் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிறாரா என்று எனக்கு ஆச்சரியம். என் சம்பளச் சீட்டில், நம் இந்தியப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிற சிண்டா சங்கத்துக்கு மாதம் ஏழு வெள்ளி பிடிப்பார்கள். எனக்கு என்ன செய்துவிட்டார்கள் என்று வருஷக்கணக்கில் முணுமுணுத்தவன் நான். நீ அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் போன பிறகுதான் என் வாய் மூடியது.

நான்காம் மாடிப் பையன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். "அக்கா எப்போ வருவாங்க அங்கிள்?" இந்த வருஷம் அவனுக்கு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அவன் அம்மா மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. அது இன்னும் சங்கடம். பெரிய பொறுப்புக்குப் போய்விட்டாய், நூறு தொண்டூழியர்களுக்கு அட்டவணை போடுகிறாய், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அட்டவணையில் இல்லாத பையன் ஒருவன் கீழ்த்தளத்தில் கல்மேசையில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது சனிக்கிழமைகளில் நான் போய் உட்காருகிறேன். ஆறாம் வகுப்புக் கணக்குக்குக் கட்டம் கட்டமாகப் படம் வரையச் சொல்கிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. விடையை நான் மனக்கணக்காகச் சொல்லிவிடுவேன், வரையத் தெரியாது. அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. இந்தத் தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் எடுத்து வந்தேன் அல்லவா, பாதி வழியில் தண்ணீர்ப் பந்தலில் நீ நின்றாய். மின்னும் மேற்சட்டை, கையில் வாக்கிடாக்கி. "அண்ணே, கொஞ்சம் ஓரமாப் போங்க, பின்னால காவடி வருது" என்றாய். என்னைப் பார்த்துத்தான்! மொட்டைத் தலையும் மஞ்சள் வேட்டியுமாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் ஓரமாகப் போனேன். பக்கத்தில் நடந்தவரிடம் "என் மகள்" என்றேன். அவர் நம்பவில்லை. டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் எனக்குக் கால் வலிக்கவே இல்லை.

உறையில் என்ன இருந்தாலும் சரி. பருவத்துக்குப் பருவம் மதிப்பெண்ணும் பார்ப்பார்கள், பொறுப்பும் விடாமல் இருக்க வேண்டும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். இரண்டையும் சுமந்துகொண்டு நடப்பது லேசான காரியமா? சும்மா ஒரு தகவலுக்குச் சொல்கிறேன், பெற்றோர் மத்திய சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக் கட்டணத்துக்கு எடுக்கலாமாம். படித்து முடித்து ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை திருப்பிக் கட்ட ஆரம்பித்தால் போதும். விசாரித்து வைத்திருக்கிறேன். உனக்குத் தேவை என்று சொல்லவில்லை. தம்பிக்குப் பின்னால் பயன்படும்.

போன ஞாயிறு பூன் லே வரைக்கும் வந்தேன். அம்மாவுக்குத் தெரியாது. ஈசூனில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, உன் பல்கலைக்கழகத்துக்குப் போகிற 179 பேருந்து வரிசையில் போய் நின்றேன். இரண்டு பேருந்து போனது, நான் ஏறவில்லை. உன் விடுதி வாசலில் வந்து நின்று என்ன கேட்பது? வரிசையில் எல்லாரும் உன் வயசுப் பிள்ளைகள், நான் ஒருத்தன் தூக்குச்சட்டியோடு. திரும்பிவிட்டேன். கறியை வழியில் கொட்டவில்லை, வீட்டிலேயே சாப்பிட்டோம்.

இன்னொன்று. இதற்காகத்தான் தாளை எடுத்தேனோ என்னவோ.

நீ உயர்நிலை நான்கு படித்தபோது, இணைப்பாட நடவடிக்கையில் மிகச் சிறப்பாக வந்தால் தொடக்கக் கல்லூரிக்கு இரண்டு புள்ளி கழியும், புள்ளி குறையக் குறைய இடம் கிடைப்பது சுலபம் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதற்கு வேண்டிய தொண்டூழியத்தில் உனக்குப் பத்து மணி நேரம் குறைந்தது. முதியோர் இல்லத்தில் பொறுப்பாக இருந்தவர் எனக்குப் பழக்கம். ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்தேன், தாளில் பத்து மணி ஏறியது. நீ அந்தத் தாளைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் நாலு சனிக்கிழமை காலை புத்தகத்தை மூடிவிட்டு அந்த இல்லத்துக்குப் போனாய். உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ நிலைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. "மணிக்கணக்கு முடிஞ்சுபோச்சு, இனிமே எதுக்கு?" என்று புளோக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். ஒவ்வொரு தடவையும் இரண்டரை மணி நேரம் இருந்துவிட்டு வருவாய்.

போன சனிக்கிழமை அந்தப் பையன் ஒரு கணக்கைக் காட்டினான். இரண்டரை மணி நேரம் வீதம் நாலு நாள் என்றால் மொத்தம் எத்தனை? வாய் விடையைச் சொல்லிவிட்டது. அப்புறம் என்னால் அவனுக்கு அடுத்த கணக்கைப் பார்த்துக் கொடுக்க முடியவில்லை. ஆறு வருஷமாகிவிட்டது பாப்பா.

நேர்காணலில் சேவை மனப்பான்மையை யாரிடம் கற்றாய் என்று கேட்டதற்கு அப்பாவிடம் என்று சொன்னதாகச் சொன்னாய். அதை நான் தேக்கா சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மீன் கடைக்காரரிடம்கூட. நீ எந்த அப்பாவைச் சொன்னாய் என்று இப்போது யோசிக்கிறேன். கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் வா. உறை முருகன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. நீ பிரித்தால் பிரி, பிரிக்காவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போ. சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே பையன் இருப்பான்.

சம்பல் டப்பாவைத் தம்பியிடமே கொடுத்தனுப்பு. போன தடவை கொடுத்த இரண்டையும் சேர்த்து அம்மா கேட்கிறாள்.

அப்பா